நீலப் புத்தகத்தோடு எல்லை கடப்பது: பாரிஸ், லண்டன், திருச்சி

கேள்வி இதுதான்: "சுவிஸில் அகதி அந்தஸ்து கிடைத்துவிட்டது. பி பெர்மிட் என்ற வதிவிட அனுமதியும் நீல நிறப் பயணப் புத்தகமும் கைக்கு வந்துவிட்டன. அக்கா பாரிஸில் இருக்கிறார். லண்டனில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சிக்கு வருகிறேன் என்கிறார், போய்ப் பார்க்க வேண்டும். இந்தப் புத்தகம் பாஸ்போர்ட் மாதிரியா, இல்லையா? எங்கே விசா வேண்டும்?"

தம்பி, முதலில் நேரடியான பதில். பாரிஸுக்கு விசா வேண்டாம். லண்டனுக்கு வேண்டும். திருச்சிக்கும் வேண்டும், அதுவும் இணையத்தில் எடுக்கிற இ-விசா உங்களுக்குச் சரிவராது. இலங்கைக்குப் போகக்கூடாது, மாறிப் போகும் வழியாகக்கூடக் கொழும்பைத் தொடக்கூடாது. இனி ஏன் என்று விளக்குகிறேன். காரணம் தெரிந்து போகிறவர் எயார்போர்ட் கவுண்டரில் தடுமாற மாட்டார்.

கையில் இருப்பது எந்தப் புத்தகம் என்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 1951 ஜூலை 28 அகதிகள் உடன்படிக்கையின் கீழ் தரப்பட்டது என்று அதில் அச்சிட்டிருக்கும். அட்டையின் மேல் மூலையில் பெரும்பாலும் சாய்வாக இரண்டு கறுப்புக் கோடுகள் இருக்கும். சுவிஸில் இது நீலம். அங்கேயே பச்சை நிறத்தில் ஒன்று உண்டு, அது வெளிநாட்டவருக்கான பாஸ்போர்ட், அகதிப் புத்தகம் அல்ல. எஃப் பெர்மிட்டில் தற்காலிகமாக இருப்பவர்களுக்கும், மற்ற நாடுகளில் அகதி அந்தஸ்து இல்லாமல் வேறு வகைப் பாதுகாப்பு மட்டும் பெற்றவர்களுக்கும் விதிகள் வேறு. நண்பர் ஒருவர் "நான் அப்படித்தான் போய் வந்தேன்" என்று சொன்னால், அவர் கையில் இருந்தது எந்த நிறப் புத்தகம் என்று கேட்ட பிறகே நம்புங்கள்.

சரி, பாஸ்போர்ட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பாஸ்போர்ட் "இவர் எங்கள் குடிமகன்" என்று சொல்கிறது. இந்தப் புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. "இவரை நாங்கள் திரும்ப எடுத்துக்கொள்வோம்" என்று மட்டும் உறுதி தருகிறது. புத்தகத்தின் முழு மதிப்பும் அந்த உறுதியில்தான் இருக்கிறது. அதன் அருமை தெரிய வேண்டுமானால் நூறு வருடம் பின்னால் போய்ப் பார்க்கலாம். ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு நாடில்லாமல் போனவர்களுக்காக நோர்வேக்காரரான ஃப்ரிட்யொஃப் நான்சன் முயன்று, 1922 ஜூலையில் ஜெனீவாவில் ஒரு சான்றிதழை ஏற்படுத்தினார். நான்சன் பாஸ்போர்ட் என்று பெயர் பெற்றது அதுதான். இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி கூட அதை வைத்திருந்தார். ஆனால் அந்த முதல் சான்றிதழில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. தந்த நாட்டுக்கே திரும்பி வரும் உரிமை அதில் இல்லை, தனி அனுமதி பெற வேண்டும். வெளியே அனுப்பும், திரும்பச் சேர்த்துக்கொள்ளாது. அதனால் அதைப் பார்த்த அடுத்த நாட்டு அதிகாரி "இவர் இங்கேயே தங்கிவிட்டால் யாரிடம் அனுப்புவது?" என்று தயங்கினார். 1951 உடன்படிக்கை இந்த ஓட்டையை அடைத்தது. அதன் 28ஆம் பிரிவு, நாட்டில் சட்டப்படி தங்கியிருக்கும் அகதிக்குப் பயண ஆவணம் தர வேண்டும் என்கிறது. அதோடு சேர்ந்த அட்டவணையின் 13ஆம் பத்தி, புத்தகம் செல்லுபடியாகும் காலத்தில் எப்போது வந்தாலும் தந்த நாடு அவரை உள்ளே விட வேண்டும் என்கிறது.

விசா அதிகாரி, விமான நிறுவன ஊழியர், எல்லைப் பொலிஸ் ஆகிய மூவரும் உங்களிடம் வேறு வேறு சொற்களில் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: சுவிஸ் உங்களைத் திரும்ப எடுக்குமா? எனவே திரும்பிவரும் உரிமையை எது பலவீனப்படுத்துகிறதோ அதிலிருந்து விலகி இருங்கள். முக்கியமாக மூன்று. புத்தகத்தின் காலாவதித் தேதி. பெர்மிட்டின் தேதி. அப்புறம், எவ்வளவு காலம் வெளியே இருக்கிறீர்கள் என்பது. சுவிஸ் சட்டப்படி, ஆறு மாதம் வெளிநாட்டில் இருந்துவிட்டால் பி பெர்மிட் தானாகவே செயலிழக்கும். யாரும் கடிதம் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. புத்தகத்தில் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது என்று அம்மாவோடு ஏழெட்டு மாதம் திருச்சியில் தங்கிவிட்டு வந்தால் பெரிய சிக்கல்.

இனி பாரிஸ். பிரான்ஸ் உட்பட ஷெங்கன் ஒப்பந்தத்தில் சேர்ந்த ஐரோப்பிய நாடுகளுக்குள் உங்கள் பெர்மிட்டும் புத்தகமும் சேர்ந்தால் 180 நாளில் 90 நாள் வரை விசா இல்லாமல் போய்வரலாம். இரண்டும் சேர வேண்டும் என்பதுதான் முக்கியம். பெர்மிட் கார்ட்டை மட்டும் பர்ஸில் வைத்துக்கொண்டு ரயில் ஏறுகிறவர்கள் நிறையப் பேர். பிரான்ஸ் 2015இலிருந்தும், ஜெர்மனி சுவிஸ் எல்லையில் 2023 அக்டோபரிலிருந்தும் உள் எல்லைகளில் சோதனை வைத்திருக்கின்றன. பாசலிலிருந்து ஜெர்மன் பக்கம் மளிகைச் சாமான் வாங்கப் போனாலும் அது வெளிநாட்டுப் பயணம்தான், புத்தகம் பையில் இருக்க வேண்டும். இந்த 90 நாள் உறவினர் வீட்டில் தங்கிப் போவதற்கு. பாரிஸில் கடையில் நின்று சம்பளம் வாங்குவதற்கு அல்ல.

லண்டன் விஷயத்தில்தான் பழைய கதை ஒன்று நம்மவர்களிடையே இன்னும் சுற்றுகிறது: "அகதிப் பாஸ்போர்ட்டுக்கு லண்டன் விசா தேவையில்லை." அது ஒரு காலத்தில் உண்மை. ஐரோப்பிய கவுன்சில் 1959இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் அகதிகளுக்கு விசாவை நீக்கும் ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் சேர்ந்த நாடுகள் ஒன்று மற்றதன் அகதிகளை மூன்று மாதம் வரை விசா இல்லாமல் விட்டன. பிரித்தானியா 2003 பெப்ரவரியில் அதை நிறுத்திவைத்தது. அன்றிலிருந்து விசா வேண்டும். உங்களோடு வேலை செய்கிற சுவிஸ்காரர் கைபேசியில் மின்னணுப் பயண அனுமதி எடுத்துக்கொண்டு போய்விடுவார். அது குடியுரிமையை வைத்துத் தருவது, உங்களுக்குக் கிடையாது. நீங்கள் முறையாக விசிட் விசாவுக்கு விண்ணப்பித்து, கைரேகை கொடுக்க வேண்டும்.

அந்த விண்ணப்பத்தில் எதைக் காட்டுவது? கல்யாண அழைப்பிதழும் சித்தப்பாவின் கடிதமும் நல்லதுதான். ஆனால் அதிகாரியைச் சமாதானப்படுத்துவது சுவிஸில் உங்களுக்கு இருக்கும் வேர்: வேலை ஒப்பந்தம், கடைசி மாதங்களின் சம்பளச் சீட்டுகள், வீட்டு வாடகை ஒப்பந்தம், பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடக் கடிதம், விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் தேதியை முதலாளி எழுதிக் கொடுத்த தாள். சித்தப்பாவிடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்று காட்டுவதைவிட இவை பெரிது. நம்மவர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள். லண்டன்காரரின் வங்கிக் கணக்கைக் கட்டுக்கட்டாக வைப்பார்கள், தங்களைப் பற்றி ஒரு தாள்கூட இருக்காது.

பாரிஸுக்கு அக்கா வீட்டுக்குப் போய் அங்கிருந்து ரயிலில் லண்டன் போய்விடலாம், ரயிலில் அவ்வளவாகப் பார்க்க மாட்டார்கள் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். யூரோஸ்டார் ஏறும் முன்பே, பாரிஸ் கார் து நோர் நிலையத்திலேயே பிரித்தானிய அதிகாரிகள் உட்கார்ந்து சோதிக்கிறார்கள். விசா இல்லாவிட்டால் ரயில் மேடைக்கே போக முடியாது.

விமானக் கவுண்டரைப் பற்றி ஆறுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா ஆவணமும் சரியாக இருந்தும் விமானத்தைத் தவறவிடுகிறவர்கள் அங்கேதான் தவறவிடுகிறார்கள். கவுண்டர் ஊழியர் குடிவரவு அதிகாரி அல்ல. ஆனால் சரியான ஆவணம் இல்லாத ஒருவரை ஏற்றிவிட்டால் விமான நிறுவனத்துக்கு அபராதம். 2001இல் வந்த ஐரோப்பிய ஒன்றிய உத்தரவுப்படி, ஒரு நாடு விதிக்கும் குறைந்தபட்ச அபராதம் ஆளுக்கு 3000 யூரோவாகவோ, உச்ச அபராதம் 5000 யூரோவாகவோ இருக்க வேண்டும், அதற்குக் கீழே போகக்கூடாது. அதனால் சந்தேகம் வந்தால் ஏற்றாமல் விடுவதுதான் ஊழியருக்குப் பாதுகாப்பு.

அங்கே நடப்பது இப்படித்தான் இருக்கும். ஊழியர் புத்தகத்தைத் திறப்பார். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருக்கும். உடனே கணினியில் குடியுரிமை இலங்கை என்று தட்டுவார். டைமாட்டிக் என்ற தரவுத்தளம், இலங்கைப் பாஸ்போர்ட்காரருக்கு உள்ள விதிகளைக் காட்டும். அவர் தலையை ஆட்டுவார். இந்த இடத்தில் நீங்கள் பதறக்கூடாது. புத்தகத்தின் கீழே கணினி படிக்கும் இரண்டு வரிகள் இருக்கின்றன அல்லவா, அதில் குடியுரிமைக்கான இடத்தில் எக்ஸ், எக்ஸ், பி என்று மூன்று எழுத்துகள் வர வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1951 உடன்படிக்கை அகதிக்கென்று வகுத்த குறியீடு அது. அதை விரலால் காட்டி, "ஆவண வகையில் அகதிப் பயண ஆவணம் என்று தெரிவுசெய்யுங்கள், தந்த நாடு சுவிஸ், வதிவிடமும் சுவிஸ்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். அப்படித் தட்டினால் வேறு பதில் வரும். அப்போதும் அவர் தயங்கினால் மேற்பார்வையாளரை அழைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். மற்றவர்கள் இரண்டு மணி நேரம் முன்னால் வந்தால் நீங்கள் மூன்றரை மணி நேரம் முன்னால் வாருங்கள். இணையத்தில் செக்-இன் செய்யும்போது குடியுரிமைப் பட்டியலில் அகதி என்ற தெரிவு பல இடங்களில் இருக்காது. அதற்காகச் சுவிஸ் என்றோ இலங்கை என்றோ போட்டு முடித்துவிடாதீர்கள். முன்கூட்டி அனுப்பப்படும் பயணி விவரமும் புத்தகமும் ஒத்துப்போகாவிட்டால் அது தேவையில்லாத தலைவலி. நேரே கவுண்டருக்குப் போங்கள். தானியங்கி வாயில்களையும் மறந்துவிட்டு மனிதர் இருக்கும் வரிசையில் நில்லுங்கள். திரும்பி சூரிச்சில் இறங்கும்போது புத்தகத்தோடு பெர்மிட்டையும் சேர்த்தே நீட்டுங்கள். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் வெளி எல்லைகளில் வருகையாளர்களின் கைரேகையும் முகப்படமும் பதியும் முறை வந்திருக்கிறது. பெர்மிட் உள்ளவர் அதில் சேரமாட்டார், ஆனால் உங்களிடம் பெர்மிட் இருப்பது கார்ட்டைக் காட்டினால்தானே தெரியும்.

இனி திருச்சி. உங்களுக்கு உண்மையில் முக்கியமான பயணம் இதுதான் என்று நினைக்கிறேன். ஊருக்குப் போக முடியாதவர்கள் பெற்றோரைச் சென்னையிலோ திருச்சியிலோ வரவழைத்துப் பார்ப்பது நம்மிடையே பல வருட வழக்கம். இந்தியா 1951 உடன்படிக்கையில் சேரவில்லை. அதனால் இந்தப் புத்தகத்தை ஏற்க வேண்டிய ஒப்பந்தக் கடமை அதற்குக் கிடையாது, ஆனாலும் நடைமுறையில் இதில் விசா தருகிறது. ஒரு விசித்திரமும் உண்டு. இலங்கைப் பாஸ்போர்ட்டில் வருகிற உங்கள் அம்மா வீட்டில் இருந்தபடியே இ-விசா எடுக்கலாம். உங்களுக்கு முடியாது, ஏனென்றால் பாஸ்போர்ட் அல்லாத பயண ஆவணங்களுக்கு இ-விசா இல்லை என்பது இந்திய விதி. இணையத்தளம் பணத்தை வாங்கிக்கொண்டாலும் அது உதவாது. தூதரகம் வழியாகச் சாதாரண விசா எடுக்க வேண்டும். இலங்கையில் பிறந்தவர் என்பதால் நேரம் கூடுதலாகப் பிடிக்கலாம். விசா கைக்கு வரும் முன் மாற்ற முடியாத டிக்கெட் வாங்க வேண்டாம், அம்மாவையும் வாங்கச் சொல்ல வேண்டாம். புத்தகத்தில் ஆறு மாதத்துக்கு மேல் காலம் மீதி இருக்கட்டும். படிவத்தில் முந்திய குடியுரிமை, பெற்றோர் குடியுரிமை என்று கேட்கும் இடங்களில் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். மறைத்து எழுதிப் பின்னால் பிடிபட்டால் அடுத்த முறை அந்தக் கதவே மூடிவிடும்.

அடுத்தது டிக்கெட். ஐரோப்பாவிலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் தேடும்போது மலிவாகக் கண்ணில் படுவதில் ஒன்று கொழும்பு வழி. கட்டுநாயக்கவில் இரண்டு மணி நேரம்தானே, வெளியே போகப்போவதில்லையே என்று தோன்றும். வேண்டாம். நீங்கள் இறங்குவது நீங்கள் எந்த அரசிடமிருந்து பாதுகாப்புக் கேட்டீர்களோ அந்த அரசின் மண்ணில். அடுத்த விமானம் ரத்தானால் ஹோட்டலுக்குப் போகக் குடிவரவைத் தாண்ட வேண்டும். உங்கள் புத்தகமோ அந்த நாட்டுக்குச் செல்லாது. துபாய், தோஹா வழியாகப் போங்கள். அதிலும் ஒரே டிக்கெட்டாக, பெட்டி நேரே திருச்சிக்குப் போகிற மாதிரி எடுங்கள். இரண்டு தனி டிக்கெட் எடுத்தால் நடுவில் பெட்டியை வாங்க அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கும், அதற்கு விசா கேட்பார்கள். லண்டன் வழியாக மாறுவதும் உங்களுக்கு விசா விஷயமே, முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

திருச்சியில் அம்மாவோடு இருக்கும்போது ஒரு ஆசை வரும். வராது என்று சொல்லாதீர்கள். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் தொடங்கியது. வீடு அவ்வளவு கிட்ட. அப்பாவின் திவசம், கோயில் திருவிழா, படுத்த படுக்கையாக இருக்கும் அம்மம்மா என்று காரணங்கள் எல்லாம் உண்மையானவை. ஆனால் போவதற்கு இலங்கைப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். அப்படி எடுத்த நிமிடமே உடன்படிக்கையின் முதல் பிரிவு, சி பகுதி, முதல் உட்பிரிவு வேலை செய்யத் தொடங்கும்: தன் நாட்டின் பாதுகாப்பைத் தானாக முன்வந்து மறுபடி ஏற்றவர் அகதி அல்ல. சுவிஸ் இதற்கு மேலும் போய், அகதி சொந்த நாட்டுக்குப் பயணம் செய்வதையே 2020 ஏப்ரல் முதல் சட்டத்தில் தடுத்துவிட்டது. தடையை மீறுகிறார்கள் என்ற நியாயமான சந்தேகம் இருந்தால், அந்த நாட்டிலிருந்து வந்த அகதிகள் எல்லோருக்குமே அண்டை நாடுகளுக்குப் போவதைத் தடுக்கவும் அதே சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது. இலங்கைக்கு அண்டை நாடு எது? இந்தியா. ஒருவர் களவாகப் பலாலிக்குப் போய்வந்தால், திருச்சியில் அம்மாவைப் பார்க்கிற எல்லோருடைய வழிக்கும் ஆபத்து. இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு செத்த வீட்டுக்குப் போய்வந்து, பிள்ளைகளின் எதிர்காலத்தோடு அந்தஸ்தையும் இழக்கிற நிலைக்கு யாரும் போகக்கூடாது.

இலங்கைத் தூதரகத்தோடு எந்தத் தொடர்புமே கூடாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். பாஸ்போர்ட் எடுப்பதும் புதுப்பிப்பதும் கூடாது. பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் போன்றவற்றைப் பெறுவது அதே கணக்கில் வராது என்று ஐ.நா. அகதிகள் உயர் ஆணையத்தின் கைநூல் சொல்கிறது. இருந்தாலும் தூதரக வாசலை மிதிக்கும் முன் சட்ட ஆலோசனை மையம் ஒன்றில் கேட்டுவிடுங்கள். ஊரில் உள்ள உறவினர் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எடுத்து அனுப்ப முடியுமானால் அதுவே நிம்மதி.

கனடா, பிரித்தானியாவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் அகதிப் புத்தகம் வைத்திருப்பவர் நயாகராவில் பாலத்தைத் தாண்டி அமெரிக்கப் பக்கம் போகவும் அமெரிக்க விசா எடுக்க வேண்டும். அமெரிக்க எயார்போர்ட்டில் விமானம் மாறுவதற்கும் விசா வேண்டும், உள்ளே உட்கார்ந்து மாறிக்கொண்டு போகிற வசதி அங்கே கிடையாது. பிரித்தானியாவில் பெர்மிட் கார்ட் போய் எல்லாம் இ-விசாவாகிவிட்டது. அங்கே புதிய பயணப் புத்தகம் வந்ததும் அதன் எண்ணை உங்கள் இணையக் கணக்கில் சேர்த்த பிறகுதான் வெளியே போக வேண்டும். சேர்க்காமல் போனால், திரும்பி வரும்போது ஏதோ ஒரு நாட்டு எயார்போர்ட்டில், "இவருக்குப் பிரித்தானியாவில் அனுமதி இருக்கிறதா" என்று விமான நிறுவனம் பார்க்கையில் எதுவும் தெரியாமல் போகலாம்.

கடைசியாக, புத்தகம் வெளிநாட்டில் தொலைந்துபோனால். சுவிஸ் தூதரகம் தன் குடிமக்களைப் பாதுகாக்கிற மாதிரி உங்களைப் பாதுகாக்கக் கடமைப்பட்டதல்ல. 1951 உடன்படிக்கை அட்டவணையின் 16ஆம் பத்தி அதைத் தெளிவாகச் சொல்கிறது. மருத்துவமனையோ பொலிஸ் வழக்கோ என்றால் தூதரகம் தலையிடும் என்று எண்ணிப் போக வேண்டாம், பயணக் காப்புறுதி எடுத்துக்கொண்டு போங்கள். ஆனால் திரும்பிவரும் உரிமை இருக்கிறதே, அதற்கான தாளைக் கேட்டுத் தூதரகத்திடம்தான் போக வேண்டும். முதலில் உள்ளூர் பொலிஸில் முறைப்பாடு செய்து எழுத்தில் வாங்குங்கள். பிறகு புத்தகத்தின் படப் பக்கம், விசாப் பக்கம், பெர்மிட்டின் இரண்டு பக்கம் ஆகியவற்றின் பிரதிகளோடு அருகிலுள்ள சுவிஸ் தூதரகத்துக்குப் போங்கள். இந்தியாவில் என்றால் வெளியேறவும் அங்குள்ள வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் அனுமதி தேவைப்படும், ஏனென்றால் விசா ஒட்டிய புத்தகம்தானே போய்விட்டது. அந்தப் பிரதிகளைக் கைபேசியில் மட்டும் வைத்திருக்காமல் ஒரு செட்டை அச்செடுத்து அம்மாவின் பையில் வைத்துவிடுங்கள், இன்னொரு செட்டைப் பாரிஸ் அக்காவுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். பெர்மிட் கார்ட்டையும் புத்தகத்தையும் ஒரே பையில் வைக்க வேண்டாம்.